11 வயது மகள்: ஷட்டில் மட்டுமா, எல்லா விளையாட்டுமா? கோச் சொல்வதைக் கேட்பதா?

#1 பீளமேடு அப்பா

வணக்கம். மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. எட்டு வயதில் ஷட்டில் ஆரம்பித்தாள். இப்போது வாரத்தில் நான்கு மாலை அகாடமிக்குப் போகிறாள். சனிக்கிழமை காலை நீச்சல். பள்ளியில் கோகோ அணியில் இருக்கிறாள். விளையாட்டு விழா வந்தால் நீளம் தாண்டுதலுக்கும் பெயர் கொடுத்துவிடுவாள். எல்லாமே அவளாகக் கேட்டுச் சேர்ந்தவை.

போன வாரம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு மணிக்கட்டு அருமையாக வேலை செய்கிறது. ஜூன் முதல் காலை ஐந்தரைக்கு ஒரு செஷன், மாலை ஒரு செஷன், வாரம் ஆறு நாள் அனுப்புங்கள். நீச்சல், கோகோ எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். நீச்சல் தோளை இறுக்கிவிடும். கோகோவில் கணுக்கால் பிசகினால் சீசனே போச்சு. அண்டர் 13-ல் ஸ்டேட் ரேங்கிங் வர வேண்டுமென்றால் இதுதான் கடைசி சான்ஸ்" என்றார். செஷன் ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். கட்டணம் கிட்டத்தட்ட இரு மடங்கு. பணம் எப்படியாவது புரட்டிவிடலாம், என் குழப்பம் அது இல்லை.

அவர் நல்ல கோச். பிள்ளைகளை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. அதனால் அவர் பேச்சைத் தட்டவும் மனம் வரவில்லை. ஆனால் மகளிடம் கோகோவை விடச் சொன்னால் முகம் சுருங்கிப் போகிறது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். என் மாமனார் "ஒண்ணை உருப்படியாப் பண்ணட்டும்" என்கிறார். மனைவி "ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பாடு" என்கிறார்.

பிள்ளைகளை விளையாட அனுப்புகிறவர்கள், விளையாடியவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லுங்கள். எந்த வயதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரி?

#2 ரேணுகா பிசியோ, திருச்சி

சார், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேர செஷன், நாளுக்கு இரண்டு, வாரம் ஆறு நாள். மொத்தம் 24 மணி நேரம். உங்கள் மகளுக்கு வயது 11.

இரண்டு எண்ணையும் ஏன் பக்கத்தில் வைக்கிறேன் என்றால், அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் 7 முதல் 18 வயது வரையான சுமார் 1,200 பேரை ஆராய்ந்தார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் முறைப்படி விளையாடுகிறார்களோ அந்த எண் பிள்ளையின் வயதைத் தாண்டினால், ஓய்வில்லாத தேய்மானத்தால் வரும் காயங்கள் அதிகமாகின்றன என்பது அதில் தெரிந்தது. 11 வயதுப் பிள்ளைக்கு 11 மணி நேரம் என்பது எளிதாக நினைவு வைத்துக்கொள்ளக்கூடிய எல்லை. உங்கள் கோச் கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு விஷயம், அவள் இருக்கும் வயது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதில்தான் விறுவிறுவென உயரம் போடுவார்கள். அப்போது எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்னால்தான் வரும். எலும்பு முனையில் இருக்கிற வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தாகவே இருக்கும். குதித்துக் குதித்து ஓடும்போது தசைநார் அந்தக் குருத்தைப் பிடித்து இழுக்கும். என்னிடம் மாலையில் வருகிற பிள்ளைகளில் பலருக்குக் குதிகால் வலி. குதிகாலின் இரண்டு பக்கமும் விரல் வைத்து லேசாக அழுத்தினாலே காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். சிலருக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும், மண்டியிட்டு உட்கார முடியாது. "ஷூ சரியில்லை போல மேடம்" என்றுதான் பெற்றோர் ஆரம்பிப்பார்கள். விசாரித்தால் வருடம் முழுக்க ஒரே விளையாட்டு, விடுமுறையில் கூட கேம்ப்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே விளையாட்டு என்று இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்தக் குறிப்பிட்ட விளையாட்டுக்கு லீவு, அதையும் ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்து எடுக்கலாம் என்பதும் அதில் உண்டு. லீவு என்றால் சோபாவில் கிடப்பது இல்லை, வேறு விளையாட்டு விளையாடலாம்.

கோச் சொன்ன காரணங்களைப் பற்றி: வாரம் ஒரு நாள் நீச்சலால் தோள் இறுகாது. ஒரு கையையே பயன்படுத்துகிற ஷட்டில் பிள்ளைக்கு இரண்டு கையும் சமமாக வேலை செய்கிற நீச்சல் நல்லதுதான். கணுக்கால் பிசகுவதற்குக் கோகோ தேவையில்லை, ஷட்டில் கோர்ட்டிலேயே அது மிகச் சாதாரணமாக நடக்கிற காயம்.

#3 செஸ் அம்மா, அண்ணா நகர்

டாக்டர் மேடம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் கண்ணெதிரே இருப்பதையும் பார்க்க வேண்டுமே. குகேஷ் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியையே விட்டவர். பிரக்ஞானந்தா 10 வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர். இந்தக் குடும்பங்கள் "15 வயது வரை எல்லாம் விளையாடட்டும்" என்று உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

என் பையனும் செஸ்தான். ஒன்பது வயதில் டோர்னமென்ட் போகிற பிள்ளைகள் ஓப்பனிங்கை எவ்வளவு ஆழமாகப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று பார்த்தால் பயமாக இருக்கும். தாமதமாக வந்தால் எட்டிப் பிடிக்கவே முடியாது. பெற்றோருக்கு இருக்கிற இந்தப் பதற்றம் வீண் பதற்றம் இல்லை.

#4 பி.இ.டி. மாஸ்டர், பட்டுக்கோட்டை

அம்மா, செஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. ஜிம்னாஸ்டிக்ஸும் அப்படித்தான், உடம்பு வளைகிற வயது முக்கியம். அதிலும் ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளுக்கு அந்த ஆண்டுக்குள் 16 வயது ஆக வேண்டும் என்று 1997-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளைப் பிழிந்து எடுக்கிறார்கள் என்றுதான் அந்த விதியே வந்தது. ஷட்டில், டென்னிஸ், கபடி, தடகளம், கிரிக்கெட் எல்லாம் வேறு ரகம். இவற்றில் உச்சம் இருபதுகளில்தான் வருகிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. குறுவட்டப் போட்டி வந்தால் கோகோவில் ஓடுகிற அதே பெண்தான் 200 மீட்டரிலும் ஓடும், அப்புறம் எறிபந்துக்கும் நிற்கும். ஆள் பற்றாக்குறையால் ஏற்பட்ட பழக்கம்தான். ஆனால் அதில் எவ்வளவு லாபம் இருக்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பீளமேடு சார், உங்கள் மகள் கோகோவில் ஓடும்போது ஒரு நாள் நின்று கவனித்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறாள். துரத்துகிறவள் எந்தப் பக்கம் தோளைச் சாய்க்கிறாள் என்று பார்த்து அரை நொடிக்குள் எதிர்ப்பக்கம் திரும்புகிறாள். குனிந்த நிலையிலேயே காலை மாற்றுகிறாள். ஷட்டிலில் நெட்டுக்கு ஓடி வந்து, எதிராளி தூக்கிப் போட்டதும் பின்னால் ஓட வேண்டியிருக்கிறதே, அதே கால், அதே கண். அகாடமியில் இதற்கு ஆறு கூம்பு வைத்து டிரில் கொடுப்பார்கள். அந்தக் கூம்பு ஏமாற்றாது. கோகோவில் துரத்துகிற பிள்ளை ஏமாற்றும். ஆளைப் படிக்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது.

எது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர். உயரம் தாண்டிப் பார் என்று அவருடைய உடற்கல்வி ஆசிரியர்தான் சொன்னார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பவானி தேவி பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது மற்றவற்றில் இடம் நிரம்பிவிட்டது, வாள்வீச்சில்தான் இடம் இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர் அவர். கைப்பந்து மட்டும்தான் என்று ஒருவர் அந்தப் பையனை அடைத்து வைத்திருந்தால்?

பெற்றோர் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. சர்டிபிகேட். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் 3 சதவீதம். "எந்த கேமில் சீக்கிரம் ஸ்டேட் சர்டிபிகேட் கிடைக்கும் சார்?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா என்னிடம் கேட்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விவசாயக் கூலி, பிள்ளை மேலே வர வேண்டுமென்று தவிக்கிறார். ஆனால் அந்த சர்டிபிகேட் தேவைப்படுவது பிளஸ் டூ முடிக்கும்போது. பிள்ளைக்கு எது வாய்க்கிறது என்று பார்க்க 13 வயது வரை நேரம் இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

#5 பீளமேடு அப்பா

ரேணுகா மேடம், அந்த 24 மணி நேரக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. மனைவியிடம் காட்டினேன், அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாஸ்டர் சார், ஒரு சந்தேகம். கோச் சொல்வது இதுதான்: "மற்ற பிள்ளைகள் இப்போதே இரண்டு செஷன் போகிறார்கள். 13 வயதில் அவர்கள் ஜெயிப்பார்கள், உங்கள் பிள்ளை முதல் ரவுண்டில் தோற்பாள். தோற்றுத் தோற்று அவளே விட்டுவிடுவாள்." இது பொய் என்று எனக்குத் தோன்றவில்லையே?

#6 தரவு ராஜா

பொய் இல்லை சார். உங்கள் கோச் சொன்ன முதல் பாதி உண்மை என்று ஆராய்ச்சியே சொல்கிறது. அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

ஜெர்மனியின் ஆர்னே கூலிச் குழுவினர் 2021-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். 6,096 விளையாட்டு வீரர்களின் தரவு, அதில் 772 பேர் உலகின் உச்ச நிலையில் இருந்தவர்கள். சிறுவர் பிரிவில் ஜெயிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், தங்கள் விளையாட்டைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்கள், அதிலேயே அதிக நேரம் பயிற்சி எடுத்தவர்கள், மற்றவற்றை அதிகம் தொடாதவர்கள். பெரியவர்கள் பிரிவில் உலக அளவுக்குப் போனவர்களை, தேசிய அளவோடு நின்றவர்களோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ். உலக அளவுக்குப் போனவர்கள் சிறு வயதில் பல விளையாட்டு ஆடியவர்கள், தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள்.

அதாவது 13 வயதில் ஜெயிக்க வைக்கிற வழியும் 23 வயதில் ஜெயிக்க வைக்கிற வழியும் ஒன்று இல்லை. அகாடமி வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸில் அண்டர் 13 கோப்பையோடு நிற்கிற பிள்ளையின் படம்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பெற்றோர் சேர்க்க வருவார்கள். கோச்சின் பிழைப்பு அந்தக் கோப்பையில் இருக்கிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்குச் சம்பளம் எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

"பத்தாயிரம் மணி நேரம்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் மூலம் 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரி அது. வயலின் வாசிக்கிற விரலுக்குச் சொன்னதை வளர்கிற முட்டிக்குப் பொருத்தக் கூடாது. செஸ் அம்மாவுக்கும் இதுதான் என் பதில்: செஸ்ஸில் காய் நகர்த்துகிற விதிகள் மாறாது, அதே நிலைகள் திரும்பத் திரும்ப வரும், முட்டி தேயாது. அங்கே சீக்கிரம் தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதை அப்படியே ஷட்டிலுக்குக் கொண்டுவருவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஷட்டிலிலேயே பாருங்கள். சாய்னா நேவால் அதற்கு முன் கராத்தே கற்றவர். ரியோ ஒலிம்பிக்கில் சிந்துவை வென்று தங்கம் வாங்கிய கரோலினா மரின் முதலில் ஃபிளமெங்கோ நடனம் ஆடிக்கொண்டிருந்தவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் எல்லாம் பார்த்துவிட்டு 14 வயதில்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஜெமிமா ரோட்ரிக்ஸ் மகாராஷ்டிர ஜூனியர் ஹாக்கி அணியில் ஆடியவர். 2025 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 நாட் அவுட் அடித்தாரே, அவரேதான்.

#7 தமிழ்ச்செல்வி, முன்னாள் நீச்சல் வீராங்கனை

பெரியவர்களே பேசிக்கொண்டிருப்பதால், அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்த ஒருத்தியாக எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயதில் நீச்சல், ஒன்பது வயதிலிருந்து நீச்சல் மட்டும். சப் ஜூனியரில் மாநிலப் பதக்கங்கள் வாங்கியிருக்கிறேன். காலை நாலரை மணிக்கு அம்மா எழுப்புவார். ஈரத் தலையோடுதான் பள்ளிக்குப் போவேன், முதல் பீரியட் முழுக்கக் கண் சொருகும். தெருவில் நொண்டி விளையாடக்கூட அனுமதி கிடையாது, கால் பிசகிவிடுமாம். 15 வயதில் தோள் வலி தொடங்கியது. பயிற்சியாளர் "எல்லோருக்கும் வலிக்கும்" என்று முடித்துவிட்டார். 17 வயதில் விட்டேன்.

தோள்கூட ஆறிவிட்டது. நீச்சலை விட்ட அன்று எனக்கு வேறு எதுவுமே தெரியவில்லை என்பதுதான் பெரிய அடி. மற்ற பெண்கள் த்ரோபால் விளையாடக் கூப்பிட்டால் பந்தைப் பிடிக்கத் தெரியாது. தோழிகள் எல்லோரும் குளத்தில்தான் இருந்தார்கள், குளத்தை விட்டதும் அவர்களும் போய்விட்டார்கள். மெடல் வாங்கிய பெண் என்ற பெயரைத் தவிர நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆஷ்லி பார்ட்டி 2011-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தவர். 2014-ல் டென்னிஸை விட்டு விலகி, பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். திரும்பி வந்து 2019 பிரெஞ்சு ஓபன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓபன். அவருக்கு மூச்சு விட ஒரு இடம் கிடைத்தது. பீளமேடு சார், உங்கள் மகளுக்கு அந்த இடம் கோகோ. தயவுசெய்து அதைப் பிடுங்காதீர்கள்.

#8 ஒஸ்லோ பாலன்

வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டேன். இங்குள்ள நடைமுறையைச் சொன்னால் உங்கள் விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கு விளையாட்டுச் சம்மேளனமே எழுத்தில் விதி வைத்திருக்கிறது. 1987-இல் தொடங்கி 2007-இல் பிள்ளைகளின் விளையாட்டு உரிமைகள் என்று விரிவாக்கினார்கள். 11 வயதுக்கு முன் பிள்ளைகளுக்குத் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. எந்த விளையாட்டை, எவ்வளவு விளையாடுவது என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். இது அறிவுரை இல்லை, மீறும் கழகம் நடவடிக்கைக்கு உள்ளாகலாம்.

முதலில் எனக்கும் இது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை முதலாவதாக வந்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் நித்திரை வராது. மகனின் உதைபந்தாட்டப் போட்டிக்குப் போய் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டால் பக்கத்தில் நின்ற நோர்வேத் தகப்பன் தோளைக் குலுக்கிவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கை தட்டினார். மாரியில், அதாவது குளிர்காலத்தில், அதே பிள்ளைகள் பனிச்சறுக்குக்குப் போவார்கள், ஹேண்ட்போல் விளையாடுவார்கள். பயிற்சி கொடுப்பவர்களில் பாதிப் பேர் பெற்றோர்தான், சம்பளம் இல்லை.

இப்படி வளர்ந்தால் பதக்கம் வராது என்று யாராவது நினைத்தால், 55 லட்சம் பேர் அளவில் உள்ள இந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும் 2022-இல் 16 தங்கத்தோடு 37 பதக்கங்களும் எடுத்தது. பனி இருக்கும் நாடு, அதனால் என்பீர்கள். உதைபந்தாட்ட வீரர் எர்லிங் ஹாலண்ட் சிறுவயதில் ஹேண்ட்போலும் தடகளமும் செய்தவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 45.94 விநாடி என்று டோக்கியோவில் உலக சாதனை வைத்த கார்ஸ்டன் வார்ஹோம், இளம் வயதில் பல நிகழ்ச்சிகள் சேர்ந்த தடகளப் போட்டிகளில் வளர்ந்தவர்.

#9 வடபழனி குமார்

ஒஸ்லோ அண்ணா, கேட்க இனிமையாக இருக்கிறது. எங்கள் நிலைமையையும் கேளுங்கள். ஷட்டில் கோர்ட் மணிக்கணக்கில் வாடகை. நீச்சல் குளம் வேறு திசையில், டிராபிக்கில் ஒரு மணி நேரம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒரு பிள்ளையை மூன்று வகுப்புக்குக் கொண்டுபோய்விட ஆள் யார்? பல விளையாட்டு என்பது டிரைவர் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் முடியும். எங்களுக்கு ஒன்றே பெரிய பாடு.

இன்னொன்று. பள்ளியில் பி.டி. பீரியட் இருந்தாலாவது பரவாயில்லை. எட்டாம் வகுப்பு தாண்டினால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார்.

#10 பி.இ.டி. மாஸ்டர், பட்டுக்கோட்டை

குமார் தம்பி, பி.டி. பீரியட் விஷயத்தில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். அது பிள்ளையின் பாட நேரம், கேட்டு வாங்க வேண்டியது பெற்றோர். பெற்றோர் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து "என் பிள்ளைக்கு விளையாட்டு பீரியட் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் கேட்பார்கள்.

ஆனால் பல விளையாட்டு என்றால் பல அகாடமி என்று யார் சொன்னது? கட்டணம் கட்டிச் சேர்ப்பது ஒன்று போதும். மற்றவை தெருவிலும் மொட்டை மாடியிலும் பள்ளி மைதானத்திலும் நடக்கட்டும். ரேணுகா மேடம் சொன்ன ஆய்விலேயே, கோச் வைத்து ஆடும் நேரம் தானாக விளையாடும் நேரத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால் காயம் கூடுகிறது என்றும் படித்திருக்கிறேன். தானாக விளையாடுவதற்குக் கட்டணம் ஏது?

கிட்டிப்புள் அடிக்கிற பையனைப் பாருங்கள். கட்டையின் நுனியைத் தட்டி எழுப்பி, அது காற்றில் சுழலும்போதே அடிக்கிறான். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய இதைவிட நல்ல பயிற்சி எந்த அகாடமியில் இருக்கிறது? பாண்டி ஆடுகிற பெண் ஒற்றைக் காலில் நின்று குனிந்து ஓட்டாஞ்சில்லை எடுக்கிறாள். ரேணுகா மேடம் இதைத்தான் சமநிலைப் பயிற்சி என்று கிளினிக்கில் செய்யச் சொல்வார். எங்கள் பக்கம் கிணற்றில் குதித்து நீந்திய பையன்கள் எத்தனை பேர் நல்ல ஓட்டக்காரர்களாக வந்திருக்கிறார்கள்!

கோடை விடுமுறையில் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பயிற்சி முகாம் நடத்துகிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், இதுவரை தொட்டுப் பார்க்காத ஒன்றில் சேருங்கள். கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டி நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். வருண் சக்கரவர்த்தி 17 வயது வரை விக்கெட் கீப்பர், அப்புறம் கட்டடக்கலை படித்தார், திரும்பி வந்து வேகப்பந்து வீசினார், முட்டியில் அடிபட்டபின் சுழலுக்கு வந்தார். இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். 11 வயதில் கடைசி சான்ஸ் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

#11 சிவா_ரன்ஸ்

எல்லோரும் கிரிக்கெட் வீரர் ஏபி டிவில்லியர்ஸை மறந்துவிட்டீர்களே. தென்னாப்பிரிக்க ஜூனியர் ஹாக்கி அணி, ஜூனியர் நீச்சல் சாதனைகள், பேட்மின்டன் சாம்பியன், ரக்பி கேப்டன் என்று பெரிய பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்ததே. பல விளையாட்டுக்கு அதைவிட சாட்சி வேண்டுமா?

#12 தரவு ராஜா

சிவா, அந்தப் பட்டியல் வேண்டாம். அதில் பெரும்பாலானவை உண்மை இல்லை என்று டிவில்லியர்ஸே எழுதிவிட்டார். ஹாக்கி பள்ளியில் சிறிது காலம் ஆடியதோடு சரி. ஜூனியர் டென்னிஸில் அவர் நன்றாக ஆடியது மட்டும் நிஜம். நம் பக்கம் உண்மையான சான்று போதுமான அளவு இருக்கிறது, இட்டுக்கட்டியதைச் சேர்த்தால் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். எலிஸ் பெர்ரியைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்காகக் கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் உலகக் கோப்பை ஆடியவர், 2011 கால்பந்து உலகக் கோப்பையில் கோலும் அடித்தவர்.

#13 பீளமேடு அப்பா

எல்லோருக்கும் நன்றி. கோச்சிடம் இன்று பேசினேன். வாரம் நான்கு நாள் இப்போது போலவே தொடரட்டும், வளர்கிற வேகம் அடங்கிய பிறகு, 14 வயது வாக்கில் அவளே கேட்டால் கூட்டலாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான். "ரேங்கிங்கில் பின்னால் இருப்பாள், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அகாடமியை விட்டுப் போகச் சொல்லவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

#14 ஓசூர் வேலு

இந்த இழையிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். என் பையன் 13 வயது, வேகப்பந்து. பள்ளி அணி, கிளப், அகாடமி நெட்ஸ் மூன்றிலும் வீசுகிறான். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி என்கிறான். பின்னால் வளைந்தால் அதிகமாகிறது. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். தொடர்ந்து வீசலாமா?

#15 ரேணுகா பிசியோ, திருச்சி

வேலு சார், இன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். நீங்கள் சொல்கிற அடையாளங்கள், அதாவது ஒரு பக்க வலி, பின்னால் வளையும்போது கூடுவது, வயது, வேகப்பந்து எல்லாம் கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வைக்கின்றன. ஆரம்பக் கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு மருத்துவரிடம் காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஓய்விலேயே எலும்பு கூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு. வலியோடு வீசிக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

குணமான பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பள்ளியில் எத்தனை பந்து, கிளப்பில் எத்தனை, நெட்ஸில் எத்தனை என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுத வேண்டும். மூன்று கோச்சும் அவரவர் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள், மொத்தத்தை யாரும் கூட்டுவதில்லை. அதைக் கூட்ட வேண்டியது நீங்கள்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவெளி விடாமல் வீசும் ஒரு சுற்றுக்கு) 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று பல ஆண்டுகள் வரம்பு வைத்திருந்தது. நெட்ஸில் உங்கள் பையன் ஒரு மாலையில் எவ்வளவு வீசுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை ஓட்டமும் வேண்டாம், குதிப்பதும் வேண்டாம். வலியில்லாத அளவுக்கு நடக்கட்டும். நீச்சல் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் பார்த்த பிறகு இங்கே எழுதுங்கள், எந்த வகை நீச்சலில் முதுகு வளையாது என்று சொல்கிறேன்.